சம்பவ இடத்திலிருந்து திரும்பியவர்கள்

1992 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய எல் ஆல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று, வலது இறக்கையின் இரண்டு எஞ்சின்களும் கழன்று விழ, கட்டுப்பாடு இழந்து பெய்ல்மர்மேர் என்னும் புறநகர்ப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகள்மேல் மோதியது. இறந்தவர்கள் 43 பேர். அந்தக் கணக்கு பிறகு தெரியவந்தது. சுரிநாமிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்த குடும்பங்களும், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவர்களும் வாழ்ந்த கட்டடங்கள் அவை. இருநூறு பேருக்கு மேல் மாண்டிருக்கலாம் என்றுதான் முதலில் அஞ்சினார்கள். எத்தனை உடல்களைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் ஆம்ஸ்டர்டாம் காவலர்கள் இடிபாடுகளுக்குள் தேடினார்கள்.

அந்த நகரக் காவல்துறை இந்த விஷயத்தில் அக்கறையற்ற துறை அல்ல. பெரிய சம்பவம் எதுவும் நடந்தால், அதில் ஈடுபட்ட காவலர்களைச் சில நாட்களுக்குள் உட்காரவைத்துப் பேசவைக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பெய்ல்மர்மேரில் வேலை செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த உரையாடல் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்க்ரிட் கார்லியே தலைமையிலான ஆய்வாளர்கள் இரு தரப்பையும் பின்தொடர்ந்தார்கள். எட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்ட காவலர்களிடம்தான் படபடப்பும் திடுக்கிடலும் தூக்கமின்மையும் கூடுதலாக இருந்தன.

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட ஓர் உதவி, செய்யாமல் விட்டதைவிடச் சற்றே மோசமான பலனைத் தந்திருக்கிறது. காவலர்களின் மனநலம் பற்றிப் பேசும் எவரும் முதலில் கடக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். ஏனென்றால், ஒரு கொடூரச் சம்பவம் நடந்ததும் நம் ஊரிலும் உடனே எழும் யோசனை அதே யோசனைதான்: ஒரு மனநல நிபுணரைக் கூப்பிடுவோம், எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைப்போம், மனத்தில் இருப்பதைக் கொட்டச் சொல்வோம்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் டீப்ரீஃபிங் என்று பெயர். இன்றைய வடிவத்தை அதற்குக் கொடுத்தவர் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர். தீயணைப்புப் பணியிலும் அவசர மருத்துவப் பணியிலும் இருந்துவிட்டு உளவியலுக்கு வந்தவர். 1983இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் காவல்துறைகளிலும் தீயணைப்புத் துறைகளிலும் பரவியது. ஏழு கட்டங்கள் கொண்ட ஒரே ஓர் அமர்வு. நடந்தது என்ன, அப்போது என்ன நினைத்தீர்கள், எது உங்களை அதிகம் பாதித்தது, உடம்பில் என்ன அறிகுறிகள் என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் ஆறுதலும் அறிவுரையும் சொல்லி அனுப்புவார்கள். நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. தேதி குறிக்கலாம், வருகைப் பதிவு எடுக்கலாம், நடந்தது என்று கோப்பில் எழுதிவிடலாம்.

1990களில் இதை முறையாகச் சோதிக்கத் தொடங்கியபோதுதான் சங்கடம் வந்தது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடையே நடந்த ஆய்வில், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பதின்மூன்று மாதங்கள் கழித்து பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் அது 9 சதவீதம்தான். சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கவலை தந்தது. தொடக்கத்தில் யார் அதிகம் கலங்கிப்போயிருந்தார்களோ, அவர்களைப் பேசவைத்தால் அந்தக் கலக்கம் மூன்று ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தது. பேசவைக்காமல் விட்டவர்கள் தானாகத் தேறிவந்திருந்தார்கள். 2005இல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி, ஒற்றை அமர்வு டீப்ரீஃபிங்கை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று எழுதியே விட்டது.

இதே கார்லியே குழு 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்துக் காவலர்களிடம் செய்த இன்னோர் ஆய்வில் எனக்கு மறக்க முடியாத ஒரு தகவல் இருக்கிறது. சம்பவத்துக்கு மறுநாள், ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து என மூன்று அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். கலந்துகொண்டவர்களில் 98 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்தார்கள். அறிகுறிகளை அளந்தபோது, அமர்வே இல்லாதவர்களைவிட அவர்கள் எந்த வகையிலும் மேலாக இல்லை. ஆகவே, 'கலந்துகொண்டவர்கள் பயனுள்ளதாக இருந்தது என்று சொன்னார்கள்' என்னும் செய்திக்குறிப்பை வைத்து ஒரு மனநலத் திட்டத்தை எடைபோட முடியாது. மேலதிகாரி நம்மை மறக்கவில்லை என்ற நிறைவைக் காவலர்கள் அங்கே தெரிவித்திருக்கலாம். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வரும் கனவை அது நிறுத்துவதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? விளக்கங்கள் பல உண்டு. எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது இது. பயங்கரம் ஒன்றைக் கண்ட பெரும்பாலான மனிதர்கள் சில வாரங்களில் தாமாகவே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அந்தச் சில வாரங்களில் மனம் நினைவை நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். அந்த வேகத்தை மனம்தான் தீர்மானிக்கிறது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல் என்று வெளியிலிருந்து கேட்பது அந்த வேகத்தைக் குலைக்கிறது. போதாததற்கு, உள்ளே போய் உடலைத் தூக்கியவரும் வெளியே கயிறு கட்டிக் கூட்டத்தைத் தடுத்தவரும் ஒரே வட்டத்தில் உட்காருகிறார்கள். வெளியே நின்றவர் தான் காணாததையெல்லாம் கேட்டுச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

அப்படியென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. ஆம்ஸ்டர்டாம் கதையின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. பெர்த்தோல்ட் கெர்சன்ஸ் என்ற மனநல மருத்துவர், துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில் சிக்கிய 37 ஆம்ஸ்டர்டாம் காவலர்களை நேர்கண்டு 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் 17 பேருக்கு பி.டி.எஸ்.டி. முழுமையாக இருந்தது. இன்னும் 17 பேருக்கு அதன் சில அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் மூன்றே பேர். தானாகத் தேறாத இவர்களுக்காகவே கெர்சன்ஸ் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். பதினாறு அமர்வுகள். ஒரே சம்பவத்தை மெதுவாக, பாதுகாப்பான இடத்தில், பயிற்சிபெற்ற ஒருவரோடு திரும்பத் திரும்பப் பார்ப்பது. இறந்தவருக்கோ அந்தச் சம்பவத்துக்குக் காரணமானவருக்கோ அனுப்பப்போகாத கடிதம் எழுதி, உள்ளே கட்டிவைத்த கோபத்தை அதில் இறக்குவது. கடைசியில் விடைகொடுக்கும் சடங்கு ஒன்றைத் தன் மனத்துக்குப் பட்டபடி நிகழ்த்துவது. 2000இல் 42 காவலர்களிடம் இதைச் சோதித்தபோது பலன் தெளிவாகவே தெரிந்தது. கருமாதியும் காரியமும் உள்ள சமூகத்தில் வளர்ந்த நமக்கு, அந்தக் கடைசிச் சடங்கு ஏன் தேவைப்படுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லோரையும் முதல் வாரத்தில் கட்டாயமாகப் பேசவைக்கக் கூடாது. எல்லோரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் மீளாதவரை அடையாளம் கண்டு முறையான சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறது. சொல்வது எளிது. 'கவனித்துக்கொண்டே இருப்பது' யார் என்பதுதான் கேள்வி.

காவல் வேலையில் அதிர்ச்சி ஒரு நாளில் வந்து முடிவதில்லை என்பது இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்குகிறது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவை ஊர் அறிந்த துயரங்கள். ஊர் அறியாதவை, தண்டவாளத்தில் கிடப்பதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் ரயில்வே போலீஸ்காரருடையவை. தூக்கில் தொங்கிய பிள்ளையைக் கிராமமே பார்த்துக்கொண்டு நிற்க இறக்கிவைத்து, பிரேத விசாரணைக்குத் தாள் எழுதி, மார்ச்சுவரி வாசலில் விடியும்வரை காத்திருந்து, மறுநாள் காலை ரோல் காலுக்கு நிற்கும் ஏட்டுடையவை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க்கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பி.டி.எஸ்.டி.க்கு வழிவகுக்கும் அனுபவங்களில் ஒன்றாகக் கொடூரங்களின் விவரங்களுக்கு மீண்டும் மீண்டும் ஆட்படுவதைச் சேர்த்தது. அதற்கு அது காட்டும் உதாரணங்களில் ஒன்று, குழந்தைகளுக்கு நேர்ந்த வன்கொடுமை விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்கள். நம் ஊரில் ஒவ்வோர் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் அந்த உதாரணத்துக்குப் பொருந்தும் பெண்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்காரும் குழந்தைக்கு ஆலோசனை உதவி கிடைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்தக் குழந்தை சொல்வதைக் கேட்டு எழுதுபவருக்கு யாரும் இல்லை.

கவனித்துக்கொள்வது யார் என்பதற்கு நான் அறிந்தவரை மிக நல்ல பதிலைக் கொடுத்தது மான்ட்ரியல் நகரக் காவல்துறை. 1997இல் அங்கே 'வாழ்வுக்காக ஒன்றுசேர்ந்து' என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் கொண்ட துறை. ஏற்கெனவே அந்தத் துறைக்கென்று உளவியலாளர்கள் இருந்தார்கள், தற்கொலைகள் குறையவில்லை. எனவே நிபுணரோடு நிறுத்திக்கொள்ளாமல் நிபுணருக்கு முந்தைய படிகளில் கைவைத்தார்கள். எல்லாக் காவலர்களுக்கும் அரை நாள் பயிற்சி: உடன் பணிபுரிபவரிடம் எதைக் கண்டால் கவலைப்பட வேண்டும், கண்டால் எப்படிக் கேட்பது என்று. மேற்பார்வை அதிகாரிகளுக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்கும் அதைவிட நீண்ட பயிற்சி. காவலர்களே தொண்டர்களாக இருந்து எடுக்கும் தொலைபேசி உதவி எண். என்ன பிரச்சினை என்பதைப் பொறுத்து அதற்கான ஆளோடு பேசலாம். இவற்றைப் பற்றித் துறைக்குள் ஓயாத விளம்பரம்.

பிரையன் மிஷாரா, நோர்மாண்ட் மார்ட்டின் இருவரும் பன்னிரண்டு ஆண்டு பொறுத்து, 2012இல் கணக்கை வெளியிட்டார்கள். திட்டத்துக்கு முன்பு மான்ட்ரியல் காவலர்களிடையே லட்சத்துக்கு 30.5 ஆக இருந்த ஆண்டுத் தற்கொலை விகிதம் 6.4 ஆகக் குறைந்திருந்தது. இதே காலத்தில் கியூபெக் மாகாணத்தின் மற்றக் காவல்துறைகளில் அது 26இலிருந்து 29க்குச் சற்று உயர்ந்திருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல. ஒரே ஊர், எண்ணிக்கையில் குறைந்த மரணங்கள், வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் 79 சதவீத வீழ்ச்சி பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அந்தத் திட்டத்தில் என்னை ஈர்ப்பது சங்கப் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொண்ட முடிவு. துன்பத்தில் இருக்கும் காவலர் அஞ்சுவது மேலதிகாரியை என்றால், மேலதிகாரியின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரிடம்தான் முதல் வார்த்தையைச் சொல்லுவார். தமிழ்நாட்டில் காவலர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லை. அந்த இடத்தை இங்கே யார் நிரப்புவது என்று எந்தத் திட்டமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிகிச்சை ஒரு பக்கம் இருக்க, அடிபட்டது பணியால்தான் என்று அரசு ஒப்புக்கொள்கிறதா என்பது இன்னொரு பக்கம். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒரு கும்பல் தாக்கியபோது ஏறத்தாழ 140 காவலர்கள் காயமடைந்தார்கள். கட்டடத்தைக் காத்த நாடாளுமன்றக் காவல்துறையைச் சேர்ந்த ஹோவர்ட் லீபன்குட், அடுத்த நாட்களில் வீட்டில் மிகக் குறைந்த நேரமே இருந்து தொடர்ந்து பணியாற்றினார். ஜனவரி 9 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நகரக் காவல்துறையின் ஜெஃப்ரி ஸ்மித், கலவரத்தில் தலையில் அடிபட்டவர். ஜனவரி 14 அன்று காவல்துறை மருத்துவமனையில் அவரைப் பார்த்து, பணிக்குத் திரும்பலாம் என்று அனுப்பினார்கள். மறுநாள் பணிக்குப் போகும் வழியில் அவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். இருவருமே பணியின்போது இறந்தவர்களாகக் கருதப்படவில்லை. 1976 முதல் அமலில் இருந்த மத்திய உதவிச் சட்டம் தற்கொலைகளை வெளியே நிறுத்தியிருந்தது.

இருவரின் மனைவியரும் விடவில்லை. அவர்கள் கேட்டது பணம் மட்டுமல்ல. கணவரின் மரணத்துக்கும் ஜனவரி 6க்கும் உள்ள தொடர்பை அரசு எழுத்தில் ஏற்க வேண்டும் என்றார்கள். 2022 மார்ச்சில், கலவரத்தில் பட்ட காயமே ஸ்மித்தின் மரணத்துக்கு நேரடிக் காரணம் என்று நகரின் ஓய்வூதிய வாரியம் முடிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது: பணியில் அதிர்ச்சிச் சம்பவத்தைச் சந்தித்து அதன் விளைவாக உயிரை மாய்த்துக்கொண்ட காவலரின் குடும்பமும், பி.டி.எஸ்.டி.யால் நிரந்தரமாக முடங்கிப்போன காவலரும் மத்திய உதவியைக் கோரலாம். நவம்பரில் லீபன்குட்டின் மரணமும் பணிக்கால மரணமாக ஏற்கப்பட்டது. நாடாளுமன்றக் காவல்துறையின் நலவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஸ்மித்தை ஜனவரி 14 அன்று பார்த்தவர்கள் தலைக்காயத்தோடு மனத்தையும் பார்த்திருந்தால், சட்டமும் வாரியமும் தேவைப்பட்டிருக்குமோ என்னவோ.

கனெக்டிகட் மாநிலத்தில் இதே போராட்டம் இன்னும் நீண்டது. 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டபோது உள்ளே நுழைந்த காவலர்களில் வேலைக்குத் திரும்பவே முடியாமல் போனவர் உண்டு. உடலில் காயம் இல்லாத மனக்காயத்துக்கு இழப்பீடு தர அப்போதைய சட்டத்தில் இடமில்லை. காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அந்தச் சட்டத்தைத் திருத்த 2019 ஆனது.

இந்தியாவில் நாம் எங்கே நிற்கிறோம்? 'காமன் காஸ்' அமைப்பும் லோக்நிதியும் 21 மாநிலங்களில் 11,834 காவலர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு காவலர் சராசரியாக நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வேலை செய்கிறார். இருவரில் ஒருவருக்கு வார விடுப்பே கிடையாது. நான்கில் மூன்று பேர், பணிச்சுமை தங்கள் உடலையும் மனத்தையும் பாதிப்பதாகச் சொன்னார்கள். தூக்கம்தான் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கு இயற்கை தந்திருக்கும் முதல் மருந்து. அதையே பறித்துக்கொள்ளும் பணிப்பட்டியலை வைத்துக்கொண்டு மேலே எத்தனை ஆலோசனை மையங்கள் திறந்தாலும் பலன் குறைவாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. காவலர்களிலிருந்தே பயிற்றுநர்களைத் தேர்ந்து, மாவட்டம் மாவட்டமாக வகுப்பு எடுத்து, குடும்பத்தினரையும் அழைத்துப் பேசிய அந்தத் திட்டத்தின் அடிப்படை சரியானது. காவலரின் மனைவிக்கோ கணவருக்கோ எந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு குறைவு. என் கவலை, வகுப்பு முடிந்த மறுநாளைப் பற்றியது. அந்த வகுப்பில் கற்றதை நம்பி ஒரு காவலர் 'எனக்கு முடியவில்லை' என்று சொன்னால் அவருக்கு என்ன நடக்கும்?

இதற்கு நீதிமன்றப் பதிவில் ஒரு பதில் இருக்கிறது. சி.ஆர்.பி.எஃப். படையில் 2001இல் சேர்ந்த உதவி கமாண்டன்ட் ஒருவருக்கு 2009இல் எண்ணச் சுழற்சி நோயும் அதோடு சேர்ந்த மனச்சோர்வும் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில், கொல்வது, கொல்லப்படுவது பற்றிய எண்ணங்களை அவர் வெளியே சொன்னதாக மேலதிகாரி புகார் கொடுத்தார். பணியிடை நீக்கம், துறை விசாரணை என்று வழக்கு நீண்டது. நோயின் அறிகுறியையே ஒழுங்கீனமாக எழுதி விசாரித்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வில், மனநலக் குறைபாடுள்ள ஒருவர்மீது இப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடு என்று சொல்லி அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஊதியம் குறையாமல் வேறு பணி தரலாம், அந்தப் பணியில் ஆயுதம் கையாள நேராதபடி பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஆயுதத்தை எடுத்துவிட்டும் ஆளை வைத்துக்கொள்ள முடியும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. ஒவ்வொரு மாவட்டக் காவல் அலுவலகத்திலும் தமிழில் அச்சிட்டு ஒட்ட வேண்டியது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வேலைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணியாளர்களுக்கு மத்திய அரசு விலக்கு அறிவித்திருந்தது. அந்த அதிகாரி தப்பியது அவருடைய வழக்கு 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் கீழ் வந்ததால். அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் நிலை பலவீனமாகவே இருக்கிறது.

2023 ஜூலை 7 அன்று கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது தமிழ்நாடே அதிர்ந்தது. காரணம் பணிச்சுமை அல்ல, குடும்பப் பிரச்சினையும் அல்ல, மனச்சோர்வு நோய் என்று மூத்த அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார். ஒரு மரணத்துக்கு வெளியிலிருந்து காரணம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் நோய் வேறு, பணி வேறு என்று இரண்டு அறைகளில் பூட்டிவைக்கும் அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லலாம். சரகத்தின் உச்சியில் இருந்தவருக்கே நோயோடு பணியாற்றுவது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது என்றால், ஆயுதப்படை வளாகத்தில் பந்தோபஸ்துக்கு லாரி ஏறக் காத்திருக்கும் இருபத்துநான்கு வயதுக் காவலர் என்ன துணிச்சலில் மனநல மருத்துவரிடம் போவார்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். காவலர்களால் அடிபட்டவர்கள் இத்தனை பேர் இருக்க, காவலர்களின் மனத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்துபோன தந்தைக்கும் மகனுக்கும் நடந்ததை அறிந்த எவரும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. மனக்காயம் வன்முறைக்கு மன்னிப்பு ஆகாது. அந்த இருவருக்கு நீதி என்பது குற்றவியல் சட்டத்தின் வேலை, அதில் பேரம் இல்லை. அதே சமயம், எரிச்சலும் திடீர்க் கோபமும் எப்போதும் ஆபத்து என்று உடம்பு விறைத்திருப்பதும் பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிப் பட்டியலிலேயே இருப்பவை. சிகிச்சை கிடைக்காத காவலர் ஒருவரின் விறைப்பு லாக்கப்பில் இருப்பவர்மேல் இறங்குவதற்கான வாய்ப்பை ஒரு சமூகமாக நாம் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

சாத்தான்குளத்திலேயே இன்னொருவர் இருந்தார். அன்றிரவு பணியில் இருந்து எல்லாவற்றையும் கண்ட ஒரு பெண் தலைமைக் காவலர். விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், சுற்றிலும் சக காவலர்களின் மிரட்டலுக்கு நடுவே அஞ்சி அஞ்சி அவர் சாட்சி சொன்னதை நடுவரே உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாக எழுதினார். தன் நிலையத்தில், தன் சீருடை அணிந்தவர்கள் செய்ததைத் தடுக்க முடியாமல் பார்த்திருந்தவருக்கு ஏற்படும் காயம் இடிபாடுகளில் உடல் தேடியவரின் காயத்தைவிடச் சிக்கலானது. சக காவலர் எடுக்கும் உதவி எண் அவருக்கு உதவாது. துறைக்குள் பணியாற்றும் ஆலோசகரும் உதவமாட்டார். துறைக்கு வெளியே ஒரு வாசல் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது முதன்மையாக அவரைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண் அப்படி ஒரு வாசல். தமிழிலேயே பேசலாம், பெல்ட் நம்பர் கேட்கமாட்டார்கள். காவல் நிலையங்களில் அந்த எண் ஒட்டப்பட்டிருந்தால், பொதுமக்கள் பார்க்கும் முகப்பில் மட்டுமல்லாமல் காவலர்கள் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

துறைக்குள் செய்ய வேண்டியவற்றில் பெரும் பணம் தேவைப்படாத இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, மருத்துவ விடுப்புத் தாள். சான்றிதழில் நோயின் பெயர் எழுதும் இடம் இருக்கிறது. அந்தத் தாள் ஸ்டேஷன் ரைட்டர் மேசையில் கிடந்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்தாகி, மாவட்ட அலுவலகத்தின் எழுத்தர்களைக் கடந்து போகிறது. போகும் வழியில் எத்தனை கண்கள். 'டிப்ரஷன்' என்று எழுதிய தாள் அந்த வழியில் போனால் மாலைக்குள் ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வயிற்றுவலி, முதுகுவலி என்று எழுதி வாங்குகிறார்கள். அதுவும் கிடைக்காதவர் சொல்லாமல் நின்றுவிடுகிறார். விட்டோடி என்று முத்திரை விழுந்து, 3(பி) என்னும் கடும் தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு வருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. ரைட்டர் மேசைக்கு அந்த உரிமை வந்துசேரவில்லை. சான்றிதழை மூடிய உறையில் நேராக அரசு மருத்துவ அலுவலருக்கு அனுப்பி, நிலையத்துக்கு 'இத்தனை நாள் விடுப்பு' என்ற ஒற்றை வரி மட்டும் வரும்படி ஓர் உத்தரவு போதும். சம்பவத்துக்குப் பிறகு சொல்லாமல் நின்ற காவலர்மீது சார்ஜ் எழுதுவதற்கு முன், மனநல மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்தாக வேண்டும் என்று அதே உத்தரவில் ஒரு வரி சேர்க்கலாம்.

இரண்டாவது, ஆயுதம். வங்கிக் காவல், கருவூலக் காவல், வி.ஐ.பி. பாதுகாப்பு, கைதிகளுக்கான வழிக்காவல் என்று துப்பாக்கியோடு தனியாக இரவு கழிக்கும் பணிகள் இங்கே பல. ஒருவர் மனம் சரியில்லை என்று சொன்னதும் ஆயுதத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். அது சரியான செயல், உயிர்காக்கும் செயல். எப்போது, யார் கையெழுத்தில் அது திரும்பி வரும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. திரும்பி வராது என்று தெரிந்தவர் முதலிலேயே வாய் திறக்கமாட்டார். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு, மதிப்பிடுபவர் துறைக்கு வெளியே உள்ள மருத்துவரா, அந்த இடைக்காலத்தில் படிகளும் சீனியாரிட்டியும் பாதுகாக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தரும் ஓர் அரசாணை வந்தால், ஆயுதக் கிடங்கில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதோடு அதன் நகலையும் சேர்த்துக் கொடுக்கலாம்.